பாலிப் சுருங்கினால் போதுமா? முன்சிறுகுடல் அடினோமா ஆய்வுகள் அளந்ததும் அளக்காததும்

குடும்பவழி அடினோமா பாலிப் நோய் உள்ளவர்களுக்குப் பெருங்குடலை அகற்றிவிடுவதே இன்றுவரை முதன்மைச் சிகிச்சையாக நீடிக்கிறது. அவர்களுடைய பெருங்குடலில் பதின்ம வயதிலிருந்தே அடினோமா எனப்படும் சுரப்பித் திசு வளர்ச்சிகள் (குடற்சுவரிலிருந்து புடைத்து நிற்கும் இத்தகைய முளைகளைப் பொதுவாகப் பாலிப் என்பார்கள்) நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில், முளைக்கின்றன. அப்படியே விட்டுவிட்டால் நாற்பது வயதையொட்டி அவற்றுள் ஏதேனும் ஒன்று புற்றுநோயாக மாறுவது ஏறக்குறைய உறுதி. ஆகவே பதின்ம வயதின் முடிவிலோ இருபதுகளிலோ பெருங்குடலை எடுத்துவிடுகிறார்கள். இந்த வழக்கம் வேரூன்றிய பிறகு அந்தக் குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோயால் ஏற்படும் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் இரைப்பையைத் தாண்டியவுடன் தொடங்கும் முன்சிறுகுடலிலும் அதே வகை அடினோமாக்கள் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தன. பெருங்குடலை இழந்து உயிர் பிழைத்தவர்களின் இறப்புக்கு முன்சிறுகுடல் புற்றுநோயும், டெஸ்மாய்டு எனப்படும் நார்த்திசுக் கட்டியும் இப்போது முக்கியக் காரணங்களாக இருக்கின்றன.

முன்சிறுகுடல் அடினோமாக்களைச் சுருக்கவும் அகற்றவும் தடுக்கவும் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்துள்ள ஆய்வுகளை வரிசையாகப் படித்தால், எந்த மருந்து என்பதைவிட எதை அளப்பது என்பதே இத்துறையின் கடினமான கேள்வியாக இருந்துவந்திருப்பது புலப்படுகிறது. புற்றுநோயை அளக்க வேண்டுமென்றால் பத்தாண்டு, இருபதாண்டு காத்திருக்க வேண்டும். பாலிப்பை அளந்தால் ஆறு மாதத்தில் விடை கிடைத்துவிடும். அந்த ஆறு மாத விடையைக் கொண்டு நோயாளியின் இருபது ஆண்டுகளைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியும் என்பதில்தான் இத்துறையின் விவாதங்கள் எல்லாம் வந்து முடிகின்றன.

நோயின் அடிப்படையை முதலில் சொல்லிவிடலாம். ஐந்தாவது குரோமோசோமில் உள்ள ஏபிசி என்ற மரபணு 1991-இல் அடையாளம் காணப்பட்டது. குடற்சுவர் செல்கள் ஓயாமல் பெருகிவிடாதபடி பீட்டா-கட்டெனின் என்ற புரதத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது இந்த மரபணுவின் வேலைகளுள் ஒன்று. இதன் இரு பிரதிகளுள் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருப்பவர்களுக்கு, எஞ்சிய பிரதியும் ஏதோ ஒரு செல்லில் பழுதாகும்போது அந்தச் செல்லின் வழிவந்தவை அடினோமாவாகத் திரளுகின்றன. ஏறத்தாழ பத்தாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்நோய் காணப்படுகிறது. தாய் தந்தையருள் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றும் நேர்வுகளும் கணிசமாக உள்ளன.

முன்சிறுகுடல், பள்ளிப் பாடநூல்களில் டியோடினம் என்று படித்த அதே பகுதி, ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமே உடையது. கணையத்தின் தலைப்பகுதியை அரைவட்டமாகச் சுற்றி, வயிற்றின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு அது கிடக்கிறது. அதன் இரண்டாம் பகுதியில் ஒரு சிறு முகடு உண்டு. ஆம்புல்லா எனப்படும் அந்த முகட்டின் வழியாகத்தான் பித்தநாளமும் கணைய நாளமும் குடலுக்குள் திறக்கின்றன. பெருங்குடலை எடுத்தாலும் மனிதர் வாழலாம். முன்சிறுகுடலை எடுப்பதென்றால் பித்தநாளத்தையும் கணையத்தையும் தொட்டாக வேண்டும். பெருங்குடலுக்குத் தீர்வாக அமைந்த அறுவைச் சிகிச்சையை இங்கே அதே எளிமையோடு செய்ய இயலாமல் போனதே மருந்தைத் தேடும் முயற்சிக்குப் பெரும் உந்துதலாக அமைந்தது.

பொது மக்களிடையே சிறுகுடல் புற்றுநோய் அரிது. உணவுப்பாதையின் உட்பரப்பில் மிகப் பெரும் பகுதி சிறுகுடலுக்கே உரியது என்றாலும் உணவுப்பாதைப் புற்றுநோய்களில் அதன் பங்கு மிகச் சிறியது. குடும்பவழிப் பாலிப் நோய் உள்ளவர்களுக்கு முன்சிறுகுடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட முந்நூறு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பதிவேட்டைக் கொண்டு 1992-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த மடங்குக் கணக்கு அச்சமூட்டக்கூடியது. இதை மட்டும் நோயாளியிடம் சொல்லிவிட்டு நிறுத்துவது சரியன்று. டென்மார்க், நார்வே, சுவீடன், ஃபின்லாந்து, நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் 368 நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்து 2004-இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, 70 வயதுக்குள் முன்சிறுகுடலில் அடினோமா தோன்றுவோர் 90 சதவீதம். ஆனால் 57 வயதுக்குள் அங்கே புற்றுநோய் கண்டவர்கள் 4.5 சதவீதமே. அதாவது அடினோமா ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது, புற்றுநோய் சிலருக்கே வருகிறது. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே அறிவதுதான் மருத்துவருக்கு முன்னுள்ள வேலை.

இந்த அறிவு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை 1924-இலேயே இந்நோய்க்கெனக் குடும்பப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. கத்பர்ட் டியூக்ஸ் என்ற நோய்க்குறியியலாளரும், ஆய்வகப் பணியாளராகச் சேர்ந்து பின்னாளில் இந்நோயைப் பற்றி முழு நூலே எழுதிய பஸ்ஸியும் தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பங்களின் வரைபடங்களைக் காத்துவந்தார்கள். கணினி இல்லாத காலத்தில், யாருக்குப் பிறந்தவர் யார், எந்த வயதில் எதனால் இறந்தார் என்று கையால் எழுதிச் சேர்த்த அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் பின்னால் வந்த எந்த ஆய்வும் நடந்திருக்காது என்பது என் கருத்து. ஆம்புல்லாவை ஒட்டிய புற்றுநோய் கண்ட ஒரு பாலிப் நோயாளியைப் பற்றிய குறிப்பு 1935-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது என்றாலும், அது தனியொரு நேர்வாகவே பார்க்கப்பட்டது. வளையக்கூடிய எண்டோஸ்கோப் கருவி கைக்கு வந்த பிறகுதான் அறிகுறி எதுவும் இல்லாதவர்களின் முன்சிறுகுடலையும் பார்க்க முடிந்தது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவினர் 1977-இல் வெளியிட்ட கட்டுரை, இந்நோயாளிகளின் முன்சிறுகுடலில் அடினோமாக்கள் அரியவை அல்ல என்பதைத் தெளிவாக்கியது.

1989-இல் ஆலன் ஸ்பிகெல்மனும் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த அவருடைய சக ஆய்வாளர்களும் 102 நோயாளிகளை ஆராய்ந்து ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். நான்கு கூறுகளை அது பார்க்கிறது: பாலிப்புகளின் எண்ணிக்கை, அவற்றுள் பெரியதன் அளவு, நுண்ணோக்கியில் தெரியும் திசு வடிவம், செல்கள் எவ்வளவு உருக்குலைந்துள்ளன என்பது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து மூன்று வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 4 வரை என்றால் முதல் நிலை, 5 அல்லது 6 என்றால் இரண்டாம் நிலை, 7 அல்லது 8 என்றால் மூன்றாம் நிலை, 9 முதல் 12 வரை என்றால் நான்காம் நிலை.

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் இம்முறையின் வலுவும் குறையும் ஒருங்கே தெரியும். ஒருவருக்கு 12 பாலிப்புகள், பெரியது 8 மில்லிமீட்டர், குழல் வடிவத் திசு, லேசான உருக்குலைவு என்று வைத்துக்கொள்வோம்: இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று என மொத்தம் 6, அவர் இரண்டாம் நிலையில் இருக்கிறார். சில ஆண்டுகள் கழித்துப் பாலிப்புகள் 22 ஆகி, பெரியது 11 மில்லிமீட்டருக்கு வளர்ந்து, திசுவில் விரலி போன்ற நீட்சிகளும் கலந்து, உருக்குலைவு மட்டும் லேசாகவே இருந்தால் மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என மொத்தம் 9. அவர் நான்காம் நிலைக்குப் போய்விடுகிறார். இன்னொருவருக்கு ஒரே ஒரு பாலிப்தான். 9 மில்லிமீட்டர், கலப்பு வடிவத் திசு, ஆனால் கடுமையான உருக்குலைவு. அவருக்கு ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று எனக் கூட்டினால் 8 வருகிறது. அவர் மூன்றாம் நிலையிலேயே நிற்கிறார். இவ்விருவரில் எவரைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும் என்று கேட்டால், அனுபவமுள்ள மருத்துவர் பலரும் இரண்டாமவரையே காட்டுவார்கள்.

ஆயினும் இம்முறை மேலோட்டமானது என்று தள்ளிவிட முடியாது. அதே மருத்துவமனை 114 நோயாளிகளைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டது. தொடக்கத்தில் நான்காம் நிலையில் இருந்த 11 பேரில் 4 பேருக்குப் புற்றுநோய் வந்தது. இரண்டாம் நிலையிலும் மூன்றாம் நிலையிலும் இருந்தவர்களில் நிலைக்கு ஒருவராக இருவருக்கு மட்டுமே வந்தது. நான்காம் நிலைக்கு 36 சதவீதம் என்று உலகெங்கும் பாடநூல்களில் எழுதப்படும் எண் இந்தப் பதினொரு பேரிலிருந்து பிறந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எண் தவறன்று, ஆனால் பதினொருவரில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் ஒன்பது சதவீதம் மாறிப்போகும் அளவுக்கு அது மெல்லிய அடித்தளத்தின் மீது நிற்கிறது. பின்னர் 2019-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் பதிவேட்டிலிருந்து வெளியான ஆய்வு, முன்சிறுகுடல் புற்றுநோய் கண்டவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் நான்காம் நிலையை எட்டியிருக்கவில்லை என்று காட்டியது. ஆம்புல்லாவில் வளரும் அடினோமாவுக்கு ஸ்பிகெல்மன் முறையில் தனி இடம் இல்லாதது இதற்கு ஒரு காரணம். வழக்கமான, நேராகப் பார்க்கும் எண்டோஸ்கோப்புக்கு அந்த முகடு குடல் மடிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்; அதனால்தான் பக்கவாட்டில் பார்க்கும் கருவியையோ, முனையில் ஒளிபுகும் தொப்பி பொருத்திய கருவியையோ பயன்படுத்த வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் வற்புறுத்துகின்றன.

அடினோமாக்கள் ஏன் ஆம்புல்லாவைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் நெருக்கமாக முளைக்கின்றன என்ற கேள்வி பித்தநீரின் மீது ஐயத்தைத் திருப்பியது. பித்தநீர் முதலில் படும் இடம் அதுவே என்பதால், அதன் அமிலங்கள் செல்களைத் தூண்டுகின்றன என்ற கருதுகோள் இயல்பாகவே எழுந்தது. அப்படியானால் பித்த அமிலங்களின் கலவையை மாற்றக்கூடிய, கல்லீரல் நோய்களுக்கு நெடுநாளாகக் கொடுத்துவரும் அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் உதவ வேண்டும். பாதுகாப்பான மாத்திரை, தருக்கமும் பொருந்துகிறது. பாலிப்புகளைக் குறைக்கக் கொடுத்துவந்த செலிகாக்சிப் என்ற மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்ல பலன் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் பல மருத்துவமனைகளில் குலுக்கல் முறையில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானபோது நேர்மாறாக இருந்தது: செலிகாக்சிப் முன்சிறுகுடல் பாலிப்புகளில் ஏற்படுத்திய குறைவை அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் முறியடித்துவிட்டது. பொருத்தமாகத் தோன்றும் கருதுகோளையும் நோயாளிகளிடம் கொண்டு செல்லும் முன் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டியதன் தேவையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நேர்வை நான் இத்துறையில் கண்டதில்லை.

மருந்துகளின் கதை 1983-இல் சுலிண்டாக்கோடு தொடங்குகிறது. மூட்டுவலிக்குக் கொடுக்கும் இந்த மருந்தை உட்கொண்ட பாலிப் நோயாளிகள் சிலரின் மலக்குடல் பாலிப்புகள் மறைந்ததை அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். ஜார்டியெல்லோ தலைமையிலான குழு 1993-இல் 22 நோயாளிகளைக் கொண்டு இதை முறையாகச் சோதித்தது. ஒன்பது மாதத்தில் பெருங்குடல் பாலிப்புகளின் எண்ணிக்கை தொடக்கத்தில் இருந்ததில் 44 சதவீதமாகவும் விட்டம் 35 சதவீதமாகவும் குறைந்தது. அடினோமாக்களில் மிகையாகச் சுரக்கும் காக்ஸ்-2 என்ற நொதியை இம்மருந்து தடுக்கிறது என்ற விளக்கம் வந்தவுடன், அந்த நொதியை மட்டும் குறிவைக்கும் செலிகாக்சிப் களத்துக்கு வந்தது. 77 பேரைக் கொண்ட ஆய்வில், ஆறு மாதத்தில் பெருங்குடல் பாலிப்புகள் 28 சதவீதம் குறைந்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999 டிசம்பரில் இந்நோய்க்கென அதற்கு விரைவு அனுமதி அளித்தது.

முன்சிறுகுடல் அவ்வளவு எளிதாக வழிக்கு வரவில்லை. சுலிண்டாக்கின் பலன் அங்கே மங்கலாகவே இருந்தது. செலிகாக்சிப்பை ஆறு மாதம் கொடுத்து, முன்னும் பின்னும் எடுத்த ஒளிப்பதிவுகளை யாருக்கு எந்த மாத்திரை என்று அறியாத மருத்துவர்கள் ஒப்பிட்ட ஆய்வு 2002-இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் மருந்துக்கும் போலி மாத்திரைக்கும் உள்ள வேறுபாடு உறுதியாக நிறுவப்படவில்லை. குடற்பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் பாலிப் படர்ந்திருந்தவர்களிடம் மட்டும் 31 சதவீதக் குறைவு தெரிந்தது, போலி மாத்திரை உட்கொண்டவர்களிடம் அது 8 சதவீதம். பிறகு 2004-இல் இதே வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப் மாரடைப்பு ஆபத்தின் காரணமாகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. செலிகாக்சிப்பும் அளவு கூடக்கூட இதயத்துக்குக் கேடு விளைவிப்பது அடுத்த ஆண்டே வெளியான ஆய்வில் தெரியவந்தது. விரைவு அனுமதி என்பது பின்னால் உண்மையான பலனை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தரப்படுவது. அந்த நிரூபணம் நிறைவேறாத நிலையில், 2011-இல் இந்நோய்க்கான அனுமதியை மருந்தைத் தயாரித்த ஃபைசர் நிறுவனமே விலக்கிக்கொண்டது. பாலிப் குறைந்தது என்பதைக் காட்ட ஆறு மாதம் போதுமாக இருந்தது. நோயாளிக்கு அதனால் என்ன நன்மை என்பதைக் காட்டப் பன்னிரண்டு ஆண்டுகளும் போதவில்லை.

இந்தப் பின்னணியில்தான் ஜுவெல் சமாதரும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஹன்ட்ஸ்மன் புற்றுநோய் நிலையத்தில் 2010 முதல் 2014 வரை 92 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஏபிசி மரபணு செயலிழந்த செல்களில் காக்ஸ்-2 மட்டுமன்றி, வளர்ச்சிக் காரணியை ஏற்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியின் வழியும் சேர்ந்து தூண்டப்படுகிறது. ஒன்றை மட்டும் அடைத்தால் மற்றது வழிவிடுகிறது. எனவே சுலிண்டாக் 150 மில்லிகிராம் நாளுக்கு இருமுறையும், நுரையீரல் புற்றுநோய்க்குப் பயன்படும் எர்லோடினிப் 75 மில்லிகிராம் நாளுக்கு ஒருமுறையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எர்லோடினிப்பின் இந்த அளவு புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்கும் அளவில் பாதி.

அளந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முன்சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து 10 சென்டிமீட்டர் நீளத்தில் கண்ட பாலிப்புகளின் விட்டங்களை எல்லாம் கூட்டி வரும் மில்லிமீட்டர் தொகைதான் பாலிப் சுமை. குடல் ஓயாமல் சுருங்கி விரிகிறது, மடிப்புகள் பாலிப்பை மறைக்கின்றன, பித்தநீர் கண்ணாடியில் படிகிறது; இவற்றுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் பாலிப்பை மூன்று என்று படிப்பதற்கும் ஒன்று என்று படிப்பதற்கும் அதிக வேறுபாடு வேண்டியதில்லை. அதனால்தான் இவ்வகை ஆய்வுகளில் ஒளிப்பதிவும், மறைப்பு முறையும், போலி மாத்திரைக் குழுவும் இன்றியமையாதவை ஆகின்றன. ஆறு மாத முடிவில் மருந்து உட்கொண்டவர்களின் பாலிப் சுமை இடைநிலை அளவில் 8.5 மில்லிமீட்டர் குறைந்தது. போலி மாத்திரை உட்கொண்டவர்களுக்கு 8 மில்லிமீட்டர் கூடியது. வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததால் இடைக்கால ஆய்விலேயே கண்காணிப்புக் குழு சோதனையை முன்கூட்டி நிறுத்தியது. முன்சிறுகுடலைப் பொறுத்தவரை இப்படியொரு திட்டவட்டமான முடிவு அதற்கு முன் கிடைத்ததில்லை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. முகப்பரு போன்ற தடிப்புகள் மருந்துக் குழுவில் 87 சதவீதத்தினருக்கு வந்தன. மறு குழுவில் 20 சதவீதத்தினருக்கு. கடுமையான பக்கவிளைவு இருவருக்கே ஏற்பட்டது என்று அறிக்கை சொல்கிறது. மருத்துவ அளவுகோலில் முதல் இரண்டு படிகளில் அடங்கும் தடிப்பு, உயிருக்குப் போராடும் புற்றுநோயாளிக்குச் சிறிய துன்பமாக இருக்கலாம். ஆனால் உடலில் எந்த வலியும் இல்லாத, வேலைக்குப் போய்வரும் முப்பது வயதுக்காரர், புற்றுநோய் வராமல் இருப்பதற்காகப் பல ஆண்டுகள் முகமெல்லாம் தடிப்போடு இருக்க ஒப்புவாரா என்பது வேறு கேள்வி. தடுப்பு மருந்துக்கு நாம் வைக்கும் தாங்குதன்மை வரம்பு சிகிச்சை மருந்துக்கு வைப்பதைவிடக் கண்டிப்பானதாக இருந்தே ஆக வேண்டும். ஆய்வாளர்கள் இதை உணர்ந்தே அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள்: சுலிண்டாக்கை விட்டுவிட்டு, எர்லோடினிப்பை மட்டும் வாரம் ஒருமுறை 350 மில்லிகிராம் வீதம் 46 பேருக்குக் கொடுத்தார்கள். 2023-இல் வெளியான முடிவின்படி முன்சிறுகுடல் பாலிப் சுமை ஆறு மாதத்தில் சராசரியாக ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இதில் போலி மாத்திரைக் குழு இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஆயினும் வாரம் ஒருமுறை மருந்து என்பது மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் கடைப்பிடிக்கக்கூடிய ஒன்று.

வேறொரு குழு வேறொரு கேள்வியைக் கேட்டது. கரோல் பர்க் தலைமையில் 171 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வு, சுலிண்டாக்கோடு எஃப்லோர்னிதின் என்ற மருந்தைச் சேர்த்து, பாலிப்பின் மில்லிமீட்டர்களை முதன்மை அளவுகோலாகக் கொள்ளாமல், நோய் முன்னேறுவதற்கு எவ்வளவு காலம் ஆகிறது என்பதைக் கணக்கிட்டது. பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்படுவது, பெரிய பாலிப்பை அகற்ற நேர்வது, உருக்குலைவு கடுமையாவது, முன்சிறுகுடலின் நிலை மோசமாவது ஆகியவை நோய் முற்றுவதன் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. இரு மருந்துகளும் சேர்ந்து பெற்றவர்களில் 32 சதவீதத்தினருக்கும், சுலிண்டாக் மட்டும் பெற்றவர்களில் 38 சதவீதத்தினருக்கும், எஃப்லோர்னிதின் மட்டும் பெற்றவர்களில் 40 சதவீதத்தினருக்கும் நோய் முன்னேறியது. புள்ளியியல்படி இவற்றுள் வேறுபாடு நிறுவப்படவில்லை. செய்தித்தாள் மொழியில் இது தோல்வி. எனினும் நோயாளியின் வாழ்க்கையில் உண்மையாகவே நிகழும் ஒன்றை அளக்கத் துணிந்த ஆய்வு என்பதால், ஆறு மாதத்தில் வெற்றி கண்ட பல ஆய்வுகளைவிட இதற்கு நான் அதிக மதிப்புத் தருகிறேன். சிறுசிறு குறைவுகளைக் காட்டி மகிழ்வதற்கு இங்கே இடமில்லை. ஓர் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போனதா இல்லையா என்பது மறைக்க முடியாத விடை.

பாலிப் குறைந்தால் புற்றுநோயும் குறையும் என்று நம்புவதற்கு நியாயம் இருக்கிறது. அடினோமாவிலிருந்தே புற்றுநோய் பிறக்கிறது. அந்த நம்பிக்கையை அப்படியே ஏற்கத் தயங்குவதற்கும் நியாயம் இருக்கிறது. சுலிண்டாக் உட்கொண்டு மலக்குடல் பாலிப்புகள் நன்றாகவே சுருங்கியிருந்த நோயாளிகள் சிலருக்கு, மருந்து உட்கொண்டுவரும்போதே அங்கே புற்றுநோய் தோன்றியதை 1990களில் மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மரபணுப் பழுது உறுதியாகியும் இன்னும் பாலிப் முளைக்காத 41 இளையோருக்கு நான்கு ஆண்டுகள் சுலிண்டாக் கொடுத்துப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வில், போலி மாத்திரையைவிட அது சிறந்தது என்று நிறுவ முடியவில்லை. இருக்கும் பாலிப்பைச் சுருக்குவது, புதிய பாலிப்பைத் தடுப்பது, புற்றுநோயைத் தடுப்பது ஆகிய மூன்றும் தனித்தனிச் செயல்கள் என்பதை இந்த இரு பதிவுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன. சின்னஞ்சிறு பாலிப்புகள் ஐம்பது மறைந்து, ஆபத்தான ஒன்று மட்டும் எஞ்சியிருந்தால் பாலிப் சுமை பெரிதும் குறைந்ததாகவே கணக்கில் வரும்.

எண்டோஸ்கோப் வழியாக அகற்றுவதிலும் இதே சிக்கல் வேறு வடிவில் தலைகாட்டுகிறது. முன்பு சொன்ன 22 பாலிப் உள்ளவரின் பெரிய பாலிப்புகளை மட்டும் நீக்கிவிட்டால் அவர் நான்காம் நிலையிலிருந்து ஒரே நாளில் இரண்டாம் நிலைக்கு இறங்கிவிடுவார். அவருடைய உண்மையான ஆபத்தும் அவ்வளவு இறங்கியதா? ஓரளவு இறங்கியிருக்க வேண்டும். எவ்வளவு என்பதை நெடுங்காலப் பதிவுகளே சொல்ல வேண்டும். ஆனால் அகற்றும் வேலையே இங்கே எளிதன்று. முன்சிறுகுடலின் சுவர் மெல்லியது, இரத்த ஓட்டம் மிகுந்தது. பாலிப்புக்கு அடியில் உப்புநீரைச் செலுத்தி உயர்த்தி, கம்பி வளையத்தால் சுருக்கிட்டு, மின்சாரம் பாய்ச்சி வெட்டுவதே பழகிய முறை. வெட்டிய புண்ணின் மீது பித்தநீரும் கணையநீரும் இடைவிடாமல் பாய்வதால் நாட்கள் கழித்தும் இரத்தம் கசியலாம், சுவரில் துளை விழலாம். இதைக் குறைக்கவே சிறிய பாலிப்புகளை மின்சாரம் இன்றிக் குளிர் வளையத்தால் வெட்டுவதும், குடலை நீரால் நிரப்பி நீருக்கடியிலேயே வெட்டுவதும், புண்ணின் வாயைக் கிளிப் போட்டு மூடுவதும் பரவலாகி வருகின்றன. ஜப்பானிய மருத்துவமனைகள் இவற்றில் முன்னணியில் உள்ளன.

மரபணுக் கோளாறு எதுவும் இல்லாதவர்களிடமும், வேறு காரணத்துக்காக எண்டோஸ்கோப்பி செய்யும்போது முன்சிறுகுடலில் தனியொரு அடினோமா தற்செயலாகக் கண்ணில் படுவதுண்டு. இவர்களுக்குப் பெருங்குடலிலும் பாலிப் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ளுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. அறிக்கையில் முன்சிறுகுடல் அடினோமா என்று எழுதியிருந்தும் இந்த இரண்டாவது பரிசோதனையைப் பற்றி எவரும் சொல்லவில்லையென்றால், நோயாளியே கேட்பதில் தவறில்லை.

மியூட்ஒய்எச் என்ற இன்னொரு மரபணுவோடு தொடர்புடைய பாலிப் நோயிலும் முன்சிறுகுடல் அடினோமாக்கள் தோன்றும், குடும்பவழி நோயைவிடக் குறைவான அளவில். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால் மட்டுமே அந்நோய் வரும். எனவே தாய்மாமன், அத்தை மக்கள் என்று உறவுக்குள் மணம்புரியும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடும். தாத்தா பாட்டி, பெற்றோர் எவருக்கும் இல்லாமல் உடன்பிறந்தோர் இருவருக்கு மட்டும் பாலிப்புகள் கண்டால், தமிழ்நாட்டு மருத்துவர் இந்த மரபணுவையும் எண்ணிப்பார்க்க வேண்டிய காரணம் இருக்கிறது.

மருந்தும் எண்டோஸ்கோப்பும் கைவிடும்போது எஞ்சுவது பெரிய அறுவைச் சிகிச்சை. முன்சிறுகுடலோடு கணையத்தின் தலையையும் பித்தநாளத்தின் ஒரு பகுதியையும் எடுக்கும் விப்பிள் அறுவை, அல்லது கணையத்தை விட்டுவைத்து முன்சிறுகுடலை மட்டும் எடுக்கும் அறுவை. இரண்டுமே பல மணி நேரம் எடுப்பவை. தேர்ந்த கைகளிலும் சிக்கல்கள் அரியவை அல்ல. புற்றுநோய் வந்த பிறகு செய்தால் பலன் குறைவு, வருமுன் செய்தால் ஒருவேளை தேவைப்படாமலே போயிருக்கக்கூடிய அறுவையைச் செய்ததாகிவிடும். கண்காணிப்பு இடைவெளிகள் இந்த இக்கட்டைத் தவிர்க்கவே வகுக்கப்பட்டிருக்கின்றன: இருபது முதல் இருபத்தைந்து வயதுக்குள் முதல் பரிசோதனை, பாலிப் இல்லாதவர்களுக்கும் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மூன்றாம் நிலையில் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை, நான்காம் நிலையில் அதைவிட நெருக்கமாக.

புதிய மருந்து ஆய்வுகள் இனி எதை முதன்மை முடிவாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு என் கணிப்பில் தகுந்த விடை, இந்த அறுவைச் சிகிச்சையும் பெரிய எண்டோஸ்கோப் சிகிச்சையும் எவ்வளவு காலம் தள்ளிப்போயின என்பதே. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் நோயில் அதை அளக்க ஒரு மருத்துவமனையோ ஒரு நாடோ போதாது. லண்டனும் கிளீவ்லாந்தும் யூட்டாவும் ஐரோப்பிய நாடுகளும் வைத்திருக்கும் பதிவேடுகள் ஒரே வரையறையில், ஒரே வகை ஒளிப்பதிவில், ஆம்புல்லாவையும் தனியாகக் குறித்து, ஐந்தாண்டுக்குக் குறையாமல் சேர்ந்து இயங்க வேண்டும். வாரம் ஒருமுறை எர்லோடினிப் போன்ற, நீண்ட காலம் உட்கொள்ளக்கூடிய மருந்தை அத்தகைய அமைப்புக்குள் போலி மாத்திரையோடு ஒப்பிட்டால்தான், 2016-இல் கண்ட அந்த 8.5 மில்லிமீட்டர் குறைவு நோயாளிகளுக்கு எத்தனை ஆண்டுகளைப் பெற்றுத்தரும் என்பது தெரியவரும்.